வெளியிலிருந்தும் திறக்கிற தாழ்ப்பாள்

எங்கள் இரும்புச் சாமான் கடைக்குத் தாழ்ப்பாள் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "நல்லா கெட்டியா இருக்குமா?" வெளியே நிற்கிறவன் தோளால் இடித்தாலும் காலால் உதைத்தாலும் திறக்கக் கூடாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். இதற்கு நேர்மாறாகக் கேட்டவர் ஒரே ஒருவர்தான்.

அவரை எல்லோரும் நெட்டை என்பார்கள். உயரம் அப்படி. எங்கள் கடை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும்போது மற்றவர்கள் நேராக நடந்து உள்ளே வருவார்கள். அவர் மட்டும் கும்பிடு போடுகிற மாதிரி குனிந்து வருவார். நான் அவரை அக்கா என்பேன். அவரோ என்னை அண்ணி என்பார். மூத்தவர் என்னை அண்ணி என்பது என்ன முறை என்று ஒருநாள் கேட்டேன்.

"உங்க வீட்டுக்காரரை முதல் நாளே வாய் தவறி அண்ணேன்னு கூப்பிட்டுட்டேன். இப்ப உங்களைத் தங்கச்சின்னு சொன்னா அவர் எனக்கு மச்சானாயிடுவார். வேணாம் அண்ணி, ஊரு ஏற்கெனவே என்னைப் பத்தி நிறையப் பேசுது" என்றார்.

என் கணவர் ஆணி நிறுக்கிற தட்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஊர் பேசியதற்குக் காரணம் எங்கள் கடையை ஒட்டிய சந்தில் இருந்த மாடிக் கட்டடம். கீழ்த்தளம் முழுக்க குடோன். இரும்புப் படியேறி மேலே போனால் வெளிச்சம் குறைந்த நீள நடை, இரண்டு பக்கமும் அறைகள். அந்த அறைகளில் பெண்கள் பாலியல் தொழில் செய்தார்கள். நெட்டையக்காவும் அங்கேதான். பல்பு, ஃபியூஸ் கம்பி, சுவரில் அடிக்கிற கொக்கி என்று ஏதாவது வாங்க எங்களிடம் வருவார்கள். தெருவில் மற்ற கடைக்காரர்கள் அவர்களுக்குச் சாமானைக் கையில் தர மாட்டார்கள், மேஜைமேல் வைத்துத் தள்ளிவிடுவார்கள். என் கணவர் எல்லோருக்கும் கொடுப்பதுபோலக் கையில் கொடுப்பார். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. அக்கா மட்டும் அதை மறக்கவே இல்லை.

அக்காவின் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்துகொண்டேன். கட்டின புருஷன் லாரியில் போனவன். சாகவும் இல்லை, காணாமல் போகவும் இல்லை. இன்னொரு ஊரில் இன்னொரு வீட்டில் சட்டமாக உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு அக்கா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தார். மேஸ்திரி கையைப் பிடித்தான். அடுத்து ஒரு பை தைக்கிற கம்பெனி. அங்கே முதலாளியின் மைத்துனன். "எங்க போனாலும் கை நீட்டத்தான் செஞ்சாங்க. இங்கயாவது நான் சரின்னு சொன்னாத்தான்னு ஒரு பேச்சு இருக்கு" என்பார். அந்தப் பேச்சு எப்போதும் செல்லுபடியாகவில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

அவர் தன் அக்காவோடு குடியிருந்தார். அந்த அம்மாள் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவர். தங்கை எங்கே போகிறாள் என்று அவர் கேட்டதும் இல்லை, தங்கை சொன்னதும் இல்லை. ஆனால் நெட்டையக்கா வீட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம், "ஏய், திரும்பு. ஹூக்கு தளர்ந்திருக்கு" என்று நிறுத்தி, ஊசியை வாயில் கவ்விக்கொண்டு அங்கேயே தைத்து அனுப்புவாராம். சண்டை போட்டுப் பேசாமல் இருக்கிற நாட்களிலும் இது மட்டும் நின்றதில்லை.

மாடியில் அவருக்கு ரொம்ப வேண்டப்பட்டவள் குட்டை. உண்மையில் அவள் குட்டையே இல்லை. நெட்டையக்காவின் பக்கத்தில் நின்று நின்று அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கலகலவென்று பேசுவாள். எங்கள் கடைக்கு வந்தால் ஒவ்வொரு சாமானையும் தூக்கிப் பார்த்து, "இது எதுக்கு? இது எதுக்கு?" என்று கேட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் போவாள்.

அவளிடம் ஒருவன் அவ்வப்போது வருவான். எப்போதும் ஒரு சூட்கேஸோடு வருவதால் பெண்கள் அவனைச் சூட்கேஸ்காரன் என்பார்கள். பார்த்தால் வங்கியில் வேலை பார்க்கிறவன்போல இருப்பான். ஒருநாள் மாலை அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டவன் குட்டையை அடிக்க ஆரம்பித்தான். எதற்கு என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. பெண்கள் எல்லோரும் கதவைத் தட்டினார்கள், இடித்தார்கள், நகத்தால் பிறாண்டினார்கள். கதவு அசையவில்லை. உள்ளே அவள் குரல் பெரிதாகி, பிறகு சிறிதாகி, பிறகு கேட்கவே இல்லை. அவனுக்கு எப்போது வெளியே வரத் தோன்றியதோ அப்போதுதான் வந்தான். தலையை வாரிக்கொண்டு, சூட்கேஸை எடுத்துக்கொண்டு, இவர்களுக்கு நடுவே புகுந்து படியிறங்கிப் போனான். நடையில் நின்றவர்களில் யாருக்கும் அவனைத் தடுக்கத் தோன்றவில்லை.

அது எங்கள் கடைத் தாழ்ப்பாள். கெட்டியான சரக்கு.

குட்டையைத் தூக்கிக்கொண்டு நெட்டையக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். சீட்டு எழுதுகிறவர், "அடிதடி கேஸு. போலீசுல எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார். ஸ்டேஷனுக்குப் போனால், "உங்க தொழில்ல இதெல்லாம் சகஜம்தானே? புதுசா வந்து அழறீங்க" என்றார் அங்கிருந்தவர். மறுபடி ஆஸ்பத்திரி. ஒருவழியாகக் கைக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். வேறு என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. சுற்றிலும் அத்தனை பேர் நிற்க, அவளும் சொல்லவில்லை.

அங்கேதான் ஒன்று நடந்தது. கட்டுப் போட்ட பிறகு பாத்ரூம் போன குட்டை, உள்ளே மயங்கி விழுந்துவிட்டாள். கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. நெட்டையக்காவுக்கு மாடியில் பட்டதெல்லாம் திரும்ப வந்துவிட்டது. கதவை இரண்டு கையாலும் அடித்துக் கத்தினார். வார்டில் வேலை செய்கிற ஆயாம்மா அவசரமே இல்லாமல் வந்தார். இடுப்பிலிருந்த சுருக்குப் பையிலிருந்து ஒரு காசை எடுத்தார். கதவுக்கு வெளியே குமிழில் இருந்த சின்னப் பிளவில் காசைச் செருகித் திருப்பினார். கதவு திறந்துகொண்டது.

குட்டையைப் படுக்கையில் கிடத்திய பிறகு நெட்டையக்கா அந்தப் பாத்ரூமுக்குத் திரும்பிப் போனார். கதவைப் பூட்டினார், காசால் திறந்தார். மறுபடி பூட்டினார், மறுபடி திறந்தார்.

"என்னம்மா, கதவுகூட விளையாடிட்டிருக்கே?" என்றார் ஆயாம்மா.

"இது எதுக்கு இப்படி வச்சிருக்காங்க?"

"நோயாளி உள்ள விழுந்து கிடந்தா எப்படித் தூக்கறது? அதுக்குத்தான்."

மறுநாள் காலை நாங்கள் ஷட்டரைத் தூக்கும்போதே அக்கா வெளியே நின்றிருந்தார். தூங்காத கண். ஆனால் அந்தக் கண்ணில் நான் எதிர்பார்த்த அழுகை இல்லை, வேறு ஏதோ இருந்தது.

"அண்ணி, உள்ள விழறவங்களை நினைச்சு ஒருத்தர் கதவு செஞ்சிருக்காங்க அண்ணி. யாருன்னே தெரியாதவங்க விழுவாங்கன்னு முன்னாடியே நினைச்சிருக்காங்க. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு" என்றார். பிறகு என் கணவரைப் பார்த்து, "அண்ணே, உள்ள இருந்து பூட்டணும், வெளிய இருந்து காசு வச்சுத் திறக்கணும். எங்க எல்லாக் கதவுக்கும் வேணும்" என்றார்.

நானும் என் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தச் சரக்கு எங்களிடமே பின்அறையில் தூசி படிந்து கிடந்தது. எப்போதாவது பள்ளிக்கூடக் கழிவறைக்கு என்று யாராவது கேட்பார்கள். அதைப் பல தடவை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். இப்படி ஒரு உபயோகம் அதற்கு இருக்கும் என்று என் புத்திக்கு எட்டியதே இல்லை.

கட்டட ஓனர் ஒத்துக்கொள்ளவில்லை. "வெளிய இருந்து திறக்கலாம்னு தெரிஞ்சா வர்ற ஆளுங்க பயப்படுவாங்கம்மா."

"பயப்படற ஆளு வர வேணாம்."

"கட்டடம் என்னோடது."

"சரிங்க. அப்ப நேத்து உள்ள நடந்ததும் உங்க கட்டடத்துல நடந்ததுதான். அப்படியே போலீசுல சொல்லிடட்டுமா?"

என்னமோ பண்ணிக்கங்க என்று கையை உதறிவிட்டுப் போனார் ஓனர்.

வேலைக்கு ஒரு தச்சரை ஏற்பாடு செய்தோம். எந்த மாடி என்று தெரிந்ததும் அவருக்குத் திடீரென்று முழங்கால் வலி வந்துவிட்டது. "விடுங்கண்ணே. எப்படிச் செய்யறதுன்னு காட்டுங்க, நானே பண்ணிக்கறேன்" என்றார் அக்கா. எங்கள் கடையின் பின்புறத்தில் ஒரு பழைய பலகையை நிறுத்தி என் கணவர் டிரில் பிடிக்கக் காட்டிக் கொடுத்தார். அக்கா போட்ட முதல் துளை பலகையின் ஓரத்தைப் பிளந்துகொண்டு போனது. அடுத்ததில் தாழ்ப்பாள் கோணலாக உட்கார்ந்து, குடித்தவன் மாதிரி சாய்ந்து நின்றது. அவர் தன்னையே திட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, மறுபடி மறுபடி போட்டார். பலகை சல்லடையானபோது அவர் கை பழகிவிட்டது. பிறகு மாடிக்குப் போய், பழையவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒவ்வொரு கதவாக மாற்றினார். மேல் கதவுச் சட்டத்துக்கு மற்றவர்களுக்கு ஸ்டூல் வேண்டும். அவர் தரையில் நின்றபடியே மரத்தூளைத் தலையில் வாங்கிக்கொண்டு வேலை செய்தார்.

பெண்களுக்கு முதலில் தயக்கம்தான். யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்றால் அப்புறம் தாழ்ப்பாள் எதற்கு என்றார்கள். அதற்கு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். உள்ளே இருப்பவள் கூப்பிட்டால் ஒழிய யாரும் கதவில் காசு வைக்கக் கூடாது. கூப்பிட்டால் யாரும் தன் அறையில் இருக்கக் கூடாது.

என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதில்தான் பெரிய விவாதம். "ஐயோ"வை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிட்டார்கள். கொசு கடித்தாலும் அதைத்தான் சொல்கிறோம் என்றாள் ஒருத்தி. "காப்பாத்துங்க" என்றால் அவன் உடனே வாயைப் பொத்துவான். மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்த குட்டை, அன்றுதான் பல நாள் கழித்து வாய் திறந்தாள்.

"அக்கா, பால் பொங்குதுன்னு கத்தலாம். அவனுக்கு என்னன்னு புரியறதுக்குள்ள நீங்க வந்துடுவீங்க."

அந்த மாடியில் அடுப்பே கிடையாது. அதனாலேயே அது எல்லோருக்கும் பிடித்துப் போனது. மத்தியான வேளைகளில் ஒத்திகை நடக்கும். ஏதாவது ஓர் அறையிலிருந்து "அக்கா, பால் பொங்குது!" என்று ஒரு குரல், நடையில் தடதடவென்று கால்கள், பிறகு கொல்லென்று சிரிப்பு. எதிர் டீக்கடைக்காரர் ஒருநாள் என்னிடம் வந்து ரகசியமாக, "மாடியில அடிக்கடி பால் பொங்குதே, யாருகிட்ட வாங்கறாங்க? தண்ணி கலக்காத பாலா இருக்கும்போல" என்றார்.

ஒத்திகையில் அக்கா ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொல்வார். "யாரும் கை வைக்கக் கூடாது. எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் சரி. நாம அடிச்சா அவன் அடிச்சதை எல்லாரும் மறந்துடுவாங்க."

சூட்கேஸ்காரன் திரும்பி வந்தான். ஏன் வராமல் இருப்பான்? அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லையே. அன்று மதியம் அக்கா எங்கள் கடையில் ஸ்க்ரூ பொறுக்கிக்கொண்டிருந்தார். அவன் சந்துக்குள் போனதை நாங்கள் கவனிக்கவில்லை. குட்டை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்ப் பூட்டியிருக்கிறான்.

எங்களுக்குக் கேட்டது பாதிதான். "அக்கா, பால் பொ..." அதற்குமேல் இல்லை.

அக்காவின் கையிலிருந்த ஸ்க்ரூ எல்லாம் தரையில் சிதறின. அத்தனை உயரமான மனுஷி அத்தனை வேகமாக ஓடுவார் என்று யார் கண்டது? என் கணவர் போனை எடுத்துப் போலீசுக்குப் பேசத் தொடங்கினார். நான் செருப்பில்லாமல் அக்கா பின்னால் ஓடினேன். கல்லாவை அப்படியே போட்டுவிட்டு ஓடியது என் வாழ்க்கையிலேயே அன்றுதான்.

நான் மேல்படியை எட்டியபோது கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. பக்கத்து அறைக்காரி திறந்திருந்தாள். காசை இன்னும் விரல்களுக்கு நடுவே பிடித்தபடி நின்றாள். குட்டையை வெளியே இழுத்துச் சுவரோரம் உட்கார வைத்திருந்தார்கள். அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கு அல்லாடிக்கொண்டிருந்தாள். நடை முழுவதும் பெண்கள். ஒருத்தி தலையில் துண்டு, ஒருத்தி பாதி வாரிய தலை, ஒருத்தி கையில் இன்னும் சோற்றுப் பருக்கை. யாரும் பேசவில்லை. யாரும் கை ஓங்கவில்லை. சும்மா நின்றார்கள். அவ்வளவு கூட்டம் அவ்வளவு அமைதியாக நின்று நான் பார்த்ததே இல்லை.

அவன் உள்ளே கட்டிலோரமாக நின்றான். "ஏய், வழி விடுங்கடி" என்றான். ஒருத்தியும் நகரவில்லை. மறுபடி சொன்னான். இந்தத் தடவை குரலில் 'டி' இல்லை.

நெட்டையக்கா நிலைக்குக் கீழே தலையைக் குனிந்து உள்ளே பார்த்தார்.

"சட்டையைப் போட்டுக்கிட்டு உக்காருங்க. போலீஸ் வருது" என்றார்.

அவனைப் போய் 'ங்க' போட்டுப் பேசினார். திட்டியிருந்தால்கூட அவன் திருப்பித் திட்டியிருப்பான். இதற்கு, சொன்னபடியே சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். போலீஸ் வரும்வரை அவர்கள் அப்படியே நின்றார்கள். அவனும் அப்படியே உட்கார்ந்திருந்தான். வந்த அதிகாரியிடம் நான் பார்த்ததைச் சொன்னேன், என் கணவரும் கேட்டதைச் சொன்னார். டீக்கடைக்காரர் தானாகவே முன்வந்து, "அவன் உள்ள போனதை நான் பார்த்தேங்க" என்றார். பாலைப் பற்றி அவர் அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். சீட்டு எழுதுகிறவர் அதே ஆள்தான், அதே பாட்டுதான். நெட்டையக்கா வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "வைத்தியத்துக்கு எந்தக் கடுதாசியும் வேணாம். உள்ள அனுப்புங்க. போலீசுக்கு நாம தகவல் சொல்லிக்கலாம்." டூட்டி டாக்டரம்மா. கண்ணாடி போட்ட, ஒல்லியான, சின்ன வயசுப் பெண்.

"ஒண்ணுமில்லம்மா, சும்மா கழுத்தைப் பிடிச்சான்" என்றாள் குட்டை. குரல் கரகரத்தது.

"கழுத்தைப் பிடிச்சா அதுல சும்மான்னு ஒண்ணு கிடையாதும்மா. வெளிய தடம் தெரியாமகூட உள்ள வீங்கும். அப்புறமா மூச்சு அடைக்கும். இங்கயே இருந்து நாங்க பார்த்துக்கறோம்."

பிறகு எங்களை வெளியே அனுப்பப் பார்த்தார். குட்டை, அக்கா மட்டும் இருக்கட்டும் என்றாள். அக்கா என் கையை விடவில்லை, அதனால் நானும் இருந்தேன். அந்தப் பரிசோதனை அறைக்கு ஒரு துணித் திரைதான் மறைப்பு. டாக்டரம்மா கேள்வி கேட்கக் கேட்க, யாராவது திரையை விலக்கி எட்டிப் பார்த்தபடி இருந்தார்கள். அவர் எழுந்துபோய்த் திரைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். நின்றபடியே மெதுவாகக் கேட்டார். அடித்ததைத் தவிர வேறு ஏதாவது செய்தானா?

"இந்தத் தடவை இல்ல. அதுக்குள்ள இவங்க வந்துட்டாங்க."

"இந்தத் தடவை இல்லன்னா?"

குட்டை சொன்னாள். முதல் தடவை நடந்ததை அன்றுதான் முதன்முதலாக ஒருவரிடம் சொன்னாள். டாக்டரம்மா குறுக்கே பேசவே இல்லை. கேட்டு முடித்தபின், "பலவந்தம் நடந்தா நோய் ஒட்டாம இருக்க மாத்திரை இருக்கும்மா. மூணு நாளுக்குள்ள ஆரம்பிச்சுடணும். எவ்வளவு சீக்கிரம் வர்றீங்களோ அவ்வளவு நல்லது. கர்ப்பம் தங்காம இருக்கவும் தனியா மாத்திரை இருக்கு. இதுக்கெல்லாம் யாரும் உங்களைப் போலீசுக்குப் போயிட்டு வான்னு சொல்லக் கூடாது" என்றார்.

"எங்களுக்கு யாரும் சொல்லலியே" என்றார் நெட்டையக்கா.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு குட்டையின் பக்கத்தில் உட்கார்ந்தார். "சொல்லியிருக்கணும். இப்ப ரத்தம் எடுத்துப் பார்ப்போம். எதுவா இருந்தாலும் வைத்தியம் இருக்கு. நீங்க தனியா இல்ல" என்றார்.

முடிவு வரும்வரை குட்டை கடைக்கு வந்து உட்கார்ந்துகொள்வாள். எந்தச் சாமானையும் எடுத்துப் பார்க்க மாட்டாள், எதையும் கேட்க மாட்டாள். ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த அன்று, கடைப்படி ஏறி வந்தவள் நேராகப் போய், கொத்தனார் மட்டம் பார்க்கிற ஒரு ரசமட்டத்தைத் தூக்கி, "அண்ணி, இது எதுக்கு?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த வாரம் நெட்டையக்கா டிரில்லும் பெட்டியுமாக ஆஸ்பத்திரிக்குப் போனார். பரிசோதனை அறைக்குப் பழைய கதவு ஒன்று இருந்தது, சுவரோரம் திறந்தபடி, கீல் துருப்பிடித்து அசையாமல். அதை எண்ணெய் விட்டு ஓடவைத்து, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் பொருத்தினார். "இங்க மட்டும் வெளிய இருந்து திறக்கக் கூடாது டாக்டரம்மா. எட்டிப் பார்க்கறவங்களை நம்ப முடியாது" என்றார். டாக்டரம்மா போட்டும் திறந்தும் பார்த்துவிட்டுச் சிறு பிள்ளை மாதிரி சிரித்தார். "உங்களுக்கு இன்னும் என்ன வேணும்?" என்று கேட்டார்.

"என்ன தொழில்னு கூட்டத்துல சத்தமாக் கேக்காம இருந்தா போதும்."

அதிலிருந்து வாரத்தில் ஒரு மதிய நேரம் அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. பெயரைக் கூவிக் கூப்பிட மாட்டார்கள், நர்ஸ் பக்கத்தில் வந்து அழைத்துப் போவார். முதலில் ஒருத்தியும் போகத் துணியவில்லை. அக்காதான் கையைப் பிடித்து, சிலரை அதட்டி, சிலரைச் செல்லம் கொஞ்சிக் கூட்டிப் போனார். போன பிறகுதான் தெரிந்தது, அத்தனை பேரும் எத்தனையோ வலியை வெகுகாலமாகச் சுமந்துகொண்டிருந்தார்கள் என்று. ஒருத்திக்கு ரத்தக் கொதிப்பு. ஒருத்திக்குக் கர்ப்பப்பையில் கட்டி. பக்கத்து அறைக்காரிக்குத் தீராத தலைவலி. கடைசியில் பார்த்தால் அவளுக்குக் கண்ணாடிதான் வேண்டியிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடையில் நின்று எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "அடக் கடவுளே, இத்தனை நாளா இந்த மூஞ்சிங்ககூடவா இருந்தேன்!" என்றாள். அவள்தான், அரைகுறைப் பார்வையோடு, அன்று அந்தச் சின்னப் பிளவில் முதல் தடவையிலேயே காசைச் செருகியவள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்பு அடங்கவில்லை.

இரண்டு தடவை நடந்ததையும் சேர்த்துப் போட்ட வழக்கு இழுத்தது. வாய்தாவுக்கு மேல் வாய்தா. ஒவ்வொரு தடவையும் மாடியே காலியாகிக் கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கும். நெட்டையக்காவின் அக்காவும் ஒருநாள் வந்தார். யாரோடும் பேசவில்லை, கையில் தையல் வேலையோடு குட்டையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

குட்டையைக் கூண்டில் ஏற்றிய நாளில், அவள் கேட்டுக்கொண்டதால், நெட்டையக்காவையும் என்னையும் மட்டும் உள்ளே இருக்க விட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் நாசூக்காகத்தான் கேட்டார். "நீங்க இந்தத் தொழில்ல இருக்கறவங்க. வர்றவங்களை அனுமதிக்கறதுதான் உங்க வேலை. அப்ப இதைப் பலவந்தம்னு எப்படிச் சொல்றீங்க?"

அவள் வக்கீலிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முடிந்தது என்று நினைத்தேன். பிறகு நீதிபதியைப் பார்த்துச் சொன்னாள்: "ஐயா, சரின்னு நிறையப் பேருக்குச் சொல்லியிருக்கேன். இவனுக்கு வேணாம்னு சொன்னேன். சரின்னு சொன்னதும் இந்த வாய்தான், வேணாம்னு சொன்னதும் இதே வாய்தான். ஒண்ணை மட்டும் எப்படி எடுத்துப்பீங்க?"

வக்கீல் அடுத்த கேள்விக்குத் தாள்களைப் புரட்டினார். என் பக்கத்தில் நெட்டையக்கா இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதற்கும் கலங்காத அந்த மனுஷி, தன் பக்கத்திலேயே நின்று நின்று குட்டை என்று பேர் வாங்கியவளை அண்ணாந்து பார்ப்பதைப் பார்த்தேன்.

அவனுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. நாங்கள் எதிர்பார்த்த அளவு இல்லை. மேல்முறையீடு அது இது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அவன் இருக்கிற இடம் இன்றைக்குச் சிறைதான்.

இப்போது நெட்டையக்காவை மற்ற ஊர்களிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். மாடித் தொழிலை விட்டுவிட்டாரா என்று சிலர் என்னிடம் கேட்பார்கள். அது அவர் பாடு, நான் கேட்டதில்லை. டிரில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போவார். போகிற இடத்தில் கதவைப் பார்ப்பதற்கு முன்னால், பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி, அங்கே யாரைப் போய்ப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று அந்த ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்து பேசுவார். அப்புறம்தான் வேலை.

போன மாதம் ஓர் ஊருக்கு நானும் துணைக்குப் போனேன். ரயில் பாதை ஓரமாகத் தகரக் கூரை போட்ட அறைகள். கடைசி அறையில் வயதான ஒரு பெண் இருந்தார். அவர் அறைக்குக் கதவே கிடையாது. ஒரு பழைய போர்வைதான் தொங்கியது. எத்தனையோ வருடமாக அப்படித்தானாம்.

நெட்டையக்கா போர்வையை விலக்கிப் பார்த்தார். என்னைக் கூட்டிக்கொண்டு பழைய மரச்சாமான் விற்கிற இடத்துக்குப் போய் ஒரு கதவு எடுத்தார். இருவருமாகத் தூக்கிவந்தோம். அரைநாள் பிடித்தது, சட்டம் நிறுத்தி, கீல் அடித்து, கதவைத் தொங்கவிட்டு, தாழ்ப்பாள் பொருத்த. பிறகு அந்தப் பெண்ணின் கையில் காசைக் கொடுத்து, எப்படி என்று காட்டினார்.

அவர் காசை வாங்கவில்லை. "அது அப்புறம்மா" என்று உள்ளே போனார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. நாங்கள் வெளியே காத்திருந்தோம். ஒரு ரயில் போயிற்று, தகரமெல்லாம் அதிர்ந்தது. ஏதாவது ஆகிவிட்டதோ என்று நான் அக்காவைப் பார்த்தேன். அவர் காசைக் கையில் வைத்துக்கொண்டு, கதவில் வைக்காமல், அசையாமல் நின்றார்.

"என்னம்மா ஆச்சு?" என்று நான் குரல் கொடுத்தேன்.

"ஒண்ணும் ஆகல, இரும்மா" என்றது உள்ளிருந்து. "கொஞ்ச நேரம் உள்ள இருந்து பார்க்கறேன்."